கம்பிவலையும் காற்றும்: இந்திய ரேடியோ தொலைநோக்கிகளின் வரலாற்றில் ஒரு பிழைக்கணக்கு

புணேக்கு வடக்கே, நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தைச் சுற்றி முப்பது ரேடியோ ஆண்டெனாக்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி என்பது அவற்றின் கூட்டுப்பெயர். இவற்றைப் பற்றி எழுதப்புகும் எவரும் இரண்டாம் பத்தியிலேனும் 'சிக்கனம்' என்ற சொல்லில் வந்து நிற்பதைக் காணலாம். தகட்டுக்குப் பதிலாகக் கம்பிவலை, கனத்த இரும்புச் சட்டத்துக்குப் பதிலாக இழுத்துக்கட்டிய கம்பிக்கயிறு, அதனால் குறைந்த செலவு. ஏழை நாட்டின் சாமர்த்தியம் என்று கதை முடிந்துவிடும். கதை பொய்யன்று. ஆனால் காரணத்தையும் விளைவையும் அது இடம் மாற்றி வைக்கிறது. செலவு குறைந்தது கடைசியில் கிடைத்த பயன். முதலில் தீர்க்கப்பட்ட கேள்வி வேறு: இவ்வளவு பெரிய கிண்ணத்தைக் காற்று தள்ளும்போது அது எவ்வளவு திசை தவறலாம், எவ்வளவு தவறினால் அறிவியல் கெடாது?

இந்தக் கேள்விக்கு எல்லா நாட்டுக்கும் எல்லா அலைநீளத்துக்கும் பொதுவான விடை கிடையாது. அதனால்தான் இதற்கொரு வரலாறு இருக்கிறது.

ஆண்டெனா நோக்கவேண்டிய திசைக்கும் உண்மையில் நோக்கும் திசைக்கும் உள்ள வேறுபாட்டைத் திசைப்பிழை எனலாம். ஈர்ப்பினால் சட்டம் தொய்வதும் வெயிலில் ஒரு கால் நீள்வதும் இப்பிழையைத் தரும். ஆனால் அவை மெதுவானவை, மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி நிகழ்பவை. ஒருமுறை அளந்து அட்டவணை போட்டால் கணிப்பொறி கழித்துவிடும். காற்றுக்கு அட்டவணை இல்லை. அது தரும் பிழை பல வழிகளில் வருகிறது. நிலையாக வீசும் பகுதி அச்சின்மேல் ஒரு முறுக்குவிசையை ஏற்றுகிறது. மோட்டார் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். திடீரென்று ஓங்கி அடங்கும் பகுதி சட்டத்தை அதன் இயல்பான அதிர்வெண்ணில் ஆட்டிவிடுகிறது. இவற்றைவிடத் தொல்லையான இன்னொன்றும் உண்டு. அச்சின் கோணத்தை அளக்கும் குறியீட்டுக்கருவி அச்சில் இருக்கிறது. கிண்ணமோ அதற்கு வெகுதூரம் வெளியே விரிந்து கிடக்கிறது. இடைப்பட்ட இரும்பு வளைந்தால் அச்சிலுள்ள கருவிக்கு அது தெரியாது. எல்லாம் சரி என்று கருவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கற்றை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. கோடத் ஆண்டெனாக்கள் உடையாமல் தாங்க வேண்டிய உச்சக் காற்று மணிக்கு 133 கி.மீ. எனக் குறிக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஏறத்தாழ 800 பாஸ்கல் அழுத்தம் எழும். 45 மீட்டர் விட்டக் கிண்ணத்தின் வாய்ப்பரப்பு சுமார் 1,590 சதுர மீட்டர். அதைத் தகட்டால் மூடிக் காற்றுக்கு நேரே நிறுத்தினால், வடிவக் கெழுவை 1 என்று கொண்டாலே, சுமார் 130 டன் எடைக்கு நிகரான விசை தாக்கும். உண்மையில் அந்த ஆண்டெனாவின் அசையும் பகுதி 82 டன், அதன் எதிரெடை 34 டன். இரண்டையும் கூட்டினாலும் தகட்டுக் கிண்ணத்தைக் காற்று தள்ளும் விசைக்கு ஈடாகவில்லை. இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டால் 'வலை மலிவானது' என்ற விளக்கம் எவ்வளவு மேலோட்டமானது என்பது புலப்படும்.

இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் இதே கேள்விக்கு எதிர்த்திசையில் விடை தேடிய இடம். பெர்னார்ட் லவெல் திட்டமிட்டு, பொறியாளர் சார்லஸ் ஹஸ்பண்ட் வடிவமைத்த 76 மீட்டர்த் தொலைநோக்கி 1957இல் இயங்கத் தொடங்கியது. ஏற்றக்கோணத்தைத் திருப்பும் பற்சக்கரங்கள் பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளிலிருந்து கழற்றி வந்தவை என்பதை எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லப்படாத செய்தி வேறொன்று. முதல் வடிவமைப்பில் அந்தக் கிண்ணம் கம்பிவலையால் ஆனது. 1951இல் ஹைட்ரஜனின் 21 செ.மீ. கதிர்வீச்சு கண்டறியப்பட்டதும், அவ்வளவு குறுகிய அலைக்கும் பயன்பட வேண்டும் என்று வலையை விட்டு முழு எஃகுத் தகட்டுக்கு மாறினார்கள். அலைநீளத்தைப் பற்றிய அந்த ஒரு முடிவு காற்றைப் பற்றிய முடிவாகவும் ஆயிற்று. கிண்ணம் பாயாகிவிட்டது. சட்டம் கனத்தது, செலவு ஏறியது, கடன் மிஞ்சியது. கடைசிப் பாக்கியை 1960இல் நஃபீல்ட் பிரபு தரப்பு தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. 1976 ஜனவரி 2 இரவு அடித்த புயலில் கிண்ணத்தைத் தாங்கும் கோபுரங்கள் வளைந்து தொலைநோக்கியே போய்விடும் என்ற நிலை வந்தது. அதன்பின் கோபுரங்களுக்குச் சாய்வு உத்திரங்கள் கூடுதலாகப் பொருத்தப்பட்டன. இன்று அங்கு செல்வோர் காணும் உருவத்தில் ஒரு பகுதி அந்த இரவின் எச்சம்.

இந்தப் பின்னணியோடு ஊட்டிக்கு வருவோம். 1961இல் வெளிநாட்டிலிருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், தாயகம் திரும்பி ஒரு குழுவாகப் பணியாற்ற விரும்புவதாக ஹோமி பாபா உள்ளிட்டோருக்கு எழுதினார்கள். அவர்களுள் கோவிந்த் ஸ்வரூப் 1963இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து அன்பளிப்பாக வந்த சிறிய கிண்ணங்களைக் கொண்டு 1965இல் மும்பையை அடுத்த கல்யாணில் ஒரு சூரிய ஆய்வு அணி அமைந்தது. அடுத்துத்தான் பெரிய முயற்சி: உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில் ஒரு மலைச்சரிவு. அந்த இடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. சரிவும் ஏறத்தாழ அதே 11 பாகை. ஆகவே சரிவின்மேல் வடக்கு தெற்காகக் கிடத்திய அச்சு, பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிடும். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை ஒன்றை 24 சட்டங்கள் தாங்குகின்றன. 1970இல் அது முழுமை பெற்றது.

நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதைச் சாதகமாக்கிக்கொண்ட இந்தச் சரிவுக் கதை பாடப்புத்தகம் வரை போய்விட்டது. காற்றின் கோணத்தில் அதே கருவியைப் பார்த்தால் வேறொரு நுட்பம் தெரிகிறது. பிரதிபலிக்கும் பரப்பு தகடுமன்று, வலையுமன்று; நீளவாக்கில் இழுத்துக்கட்டிய 1,100 மெல்லிய துருவேறா எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றும் 0.38 மி.மீ. தடிமன். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 3 செ.மீ. வெளி. பரப்பில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூடக் காற்றை மறிப்பதில்லை. தெருவின் குறுக்கே துணிப் பதாகை கட்டுகிறவர் அதில் பிறைவடிவாகச் சில கீறல்கள் போடுவாரே, அந்த அறிவுதான் இங்கு எல்லை வரை கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது. 92 செ.மீ. அலைக்கு 3 செ.மீ. இடைவெளி கண்ணுக்கே தெரியாது. காற்றுக்கோ அது திறந்த கதவு.

நுட்பத்தின் மறுபாதி கற்றையின் வடிவத்தில் இருக்கிறது. வடக்கு தெற்காக நீளம் 530 மீட்டர் என்பதால் அந்தத் திசையில் கற்றை மிகக் குறுகியது, சுமார் 5.5 வில்நிமிடம்; ஒரு வில்நிமிடம் என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு. கிழக்கு மேற்காக அகலம் 30 மீட்டரே ஆகையால் கற்றை 2 பாகை அளவுக்கு அகன்றது. குறுகிய கற்றையைத் திருப்புவது எந்திரம் அன்று; குவியக்கோட்டில் வரிசையாக நிற்கும் 1,056 இருமுனை ஆண்டெனாக்களின் சைகைகளுக்கிடையே கட்டவேறுபாட்டை மாற்றி மின்னணுவியல் அதைத் திருப்புகிறது. அகன்ற கற்றையைத்தான் மோட்டார் சுழற்றுகிறது. ஆக, காற்று கைவைக்கக்கூடிய ஒரே அச்சில் பிழைக்கு ஏராளமான இடம் இருக்கிறது. இடமே இல்லாத அச்சு இரும்பின் பொறுப்பில் இல்லை. நீளவாக்கில் சட்டத்துக்குச் சட்டம் சிறிது முறுக்கிக்கொள்ளும் என்ற கவலை மட்டும் மிஞ்சும். இரண்டு பாகை அகலத்தில் அதுவும் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊட்டியின் முதல் பெரும் பணி நிலவு மறைப்பு. தொலைவிலுள்ள ரேடியோ மூலத்தை நிலவு மறைக்கும் கணத்தையும் மீண்டும் வெளிவிடும் கணத்தையும் குறித்து, அதிலிருந்து மூலத்தின் இடத்தையும் அமைப்பையும் விநாடி அளவு நுணுக்கத்தில் பெறும் முறை அது. அந்த நுணுக்கம் நிலவின் விளிம்பிலிருந்து வருகிறது, ஆண்டெனாவின் கூர்மையிலிருந்து அன்று. காற்றில் ஆண்டெனா சற்று ஆடினால் சைகையின் உயரம் குறையலாம். மறைந்த நேரம் மாறாது. இத்தகைய பணிக்கென்று ஒரு கருவியைக் கட்டும்போது திசைப்பிழை என்ற பேய்க்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை இப்படி அளந்தே, 1970களின் நடுவில், அண்டம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்ற கருத்துக்கு ஸ்வரூப்பும் கபாஹியும் சான்று தந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சோதனை. 1980களின் நடுவில் திட்டமிடப்பட்ட கோடத் தொலைநோக்கிக்கு இரண்டு அச்சிலும் திரும்பும் கிண்ணங்கள் தேவைப்பட்டன, அதுவும் முப்பது. மலைச்சரிவின் உபாயம் இங்கு செல்லாது; காற்று இரண்டு அச்சையும் தொடும். மீண்டும் கம்பிக்கே திரும்பினார்கள். வட்டமாகப் பரப்பிய 16 குழாய்ச் சட்டங்கள் பரவளைய விலா எலும்புகளாக நிற்கும். அவற்றுக்கிடையே மெல்லிய எஃகுக்கயிறுகள் முறுக்கேற்றிக் கட்டப்படும். அக்கயிறுகளின்மேல் 0.55 மி.மீ. கம்பியால் பற்றவைத்த வலை விரிக்கப்படும். ஸ்மார்ட் என்ற சுருக்கப்பெயரால் இந்த அமைப்பு அறியப்படுகிறது. கயிற்றுச் சட்டத்தின்மேல் இழுத்துவிரித்த வலை என்பது அதன் விரிவு. வளைபரப்பு உண்மையில் வளைந்ததன்று. சிறு சிறு தட்டை முகங்களால் பரவளையத்தை ஒத்து அமைவது.

வலையின் கண்ணளவு எங்கும் ஒன்றன்று என்பதில்தான் கணக்கு வெளிப்படுகிறது. நடுவில் 10 மி.மீ., அடுத்த வளையத்தில் 15 மி.மீ., வெளிவளையத்தில் 20 மி.மீ. கம்பி மறிக்கும் பரப்பைக் கணக்கிட்டால் முறையே நூற்றுக்கு ஏறத்தாழ 11, 7, 5 பங்கு வரும். வெளிவிளிம்பை வாங்கி அரைகுறையாகவே பார்ப்பதால் அங்கு அலை சிறிது கசிந்தாலும் இழப்பு குறைவு. அச்சிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதும் அந்த விளிம்புதான். அங்கு விழும் காற்றுக்கே நெம்புகோல் நீளம். பரப்பிலும் பெரும்பகுதி அங்குதான். எங்கே காற்று அதிகம் முறுக்குமோ அங்கேயே வலை தளர்ந்திருப்பது தற்செயல் அன்று. இரண்டு தேவைகள் ஒரே திசையில் இழுத்த அரிய தருணம் இது. பொறியியலில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

தட்பவெப்பமும் துணைநின்றது. பனி பொழியும் நாட்டில் இதே வலையின் கண்களைப் பனியும் உறைநீரும் அடைத்துவிட்டால் அடுத்த காற்றுக்கு அது தகடாகிவிடும். தக்காணத்தில் அந்த அச்சம் இல்லை. வெளிநாட்டு வடிவமைப்பைச் சுருக்கிச் செய்தது என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே தளர்த்தும்: இது இந்நிலத்துக்கும் இந்த அலைநீளத்துக்கும் மட்டுமே பொருந்தும் தீர்வு.

ஸ்வரூப் முதலிய அறுவர் 1991இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் ஆண்டெனாவின் பண்புகளைத் தரும் அட்டவணை ஒன்று உண்டு. திசைப்பிழை பற்றிய வரி அதில் மிகச் சிறியது: காற்று மணிக்கு 20 கி.மீ.க்குக் கீழே இருந்தால் ஒரு வில்நிமிடம். அதற்கு மேல் சில வில்நிமிடங்கள். வரலாற்று மாணவர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய வரி இதுவே. பிழையைக் காற்றோடு சேர்த்து, நிபந்தனையோடு எழுதுவது ஒரு நேர்மை. அதைவிட முக்கியம், அந்த எண்கள் எவ்வளவு தாராளமானவை என்பது. இத்தொலைநோக்கியின் கற்றை 327 மெகாஹெர்ட்ஸில் 81 வில்நிமிடம் அகலம். ஒரு வில்நிமிடம் தவறினால் கற்றை நடுவில் இழப்பு பத்தாயிரத்தில் நான்கு பங்கு. 1,420 மெகாஹெர்ட்ஸில் கற்றை சுமார் 24 வில்நிமிடமாகக் குறுகும். அப்போதும் இழப்பு நூற்றில் அரைப்பங்குதான். காற்றை வெல்ல வேண்டிய தேவையே எழாத அலைநீளத்தைத் தேர்ந்துகொண்டு, அதனால் கிடைத்த விட்டுக்கொடுப்பை முழுவதும் எடை குறைப்பில் செலவிட்டார்கள். இதைச் சிக்கனம் என்பதைவிடப் பிழைப் பங்கீடு என்பது பொருந்தும்.

காற்றுக்கு மோட்டாரும் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு மோட்டார்கள் வைத்து, அவை ஒன்றுக்கொன்று சற்று எதிராக இழுத்துக்கொண்டே இருக்குமாறு செய்தார்கள். பற்சக்கரங்களுக்கிடையே எப்போதும் சிறிது இடைவெளி இருக்கும். காற்று திசைமாறி அடிக்கும்போது பல் அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் மோதும், ஆண்டெனா துள்ளும். எதிரெதிராக இழுபட்டு நிற்கும் இணைக்கு அந்தத் துள்ளல் இல்லை. இந்தச் சர்வோ அமைப்பை உருவாக்கியது பாபா அணு ஆராய்ச்சி மையம். சட்டத்தின் விரிவான கட்டமைப்பு வரைவு டாடா கன்சல்டிங் எஞ்சினியர்ஸ் கையால் ஆனது. வானியலாளர்கள் எழுதிய வரலாறுகளில் வலை நிறைய இடம் பெறுகிறது, மோட்டார் ஒரு வரி பெறுகிறது. காற்று எல்லை மீறும்போது கிண்ணத்தை விண்ணுச்சி நோக்கித் திருப்பி நிறுத்தும் வேலையைச் செய்வது அந்த ஒரு வரி.

தாராளத்துக்கு விலையும் இருந்தது. கிண்ணப் பரப்பின் சராசரி வடிவப்பிழை சுமார் 10 மி.மீ. என்று அதே அட்டவணை சொல்கிறது. பரப்புப்பிழைக்கான ரூஸ் சமன்பாட்டில் இதை இட்டால் 92 செ.மீ. அலையில் திறன் நூற்றுக்கு 98 மிஞ்சும், 21 செ.மீ.யில் 70, 6 செ.மீ.யில் ஒன்றே ஒன்று. ஆகவே சுமார் 1,450 மெகாஹெர்ட்ஸில் இக்கருவிக்குச் சுவர் எழும்பிவிட்டது. மின்னணுக் கருவிகள் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் அந்தச் சுவரை நகர்த்த முடியாது; அது 1980களிலேயே காற்றோடு செய்துகொண்ட உடன்பாட்டின் மறுபக்கம். அமெரிக்காவின் மிகப்பெரிய அணி 25 மீட்டர்க் கிண்ணங்களோடு நின்றுகொண்டு பல பத்து கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது என்றால், அங்கு பரப்பைக் கொடுத்துத் துல்லியத்தை வாங்கினார்கள். இங்கு துல்லியத்தைக் கொடுத்துப் பரப்பை.

மற்றொரு விலை பிற்காலத்தில்தான் உறைத்தது. கற்றையின் நடுவில் ஒரு வில்நிமிடப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கற்றையின் வலிமை பாதியாகும் விளிம்பில் வளைவு செங்குத்தாக இறங்குகிறது. அங்குள்ள மூலம் ஒன்றின் ஒளிர்வு, 1,420 மெகாஹெர்ட்ஸில் அதே ஒரு வில்நிமிடப் பிழைக்கு நூற்றுக்கு 11 பங்கு மாறித் தோன்றும். பிழை மூன்று வில்நிமிடமானால் 30 பங்குக்கு மேல். ஒரே மூலத்தை நடுவில் வைத்து நோக்கிய காலத்தில் இது யாரையும் வருத்தவில்லை. வானப்பரப்பு முழுவதையும் மிக நுண்ணிய இரைச்சல் அளவுக்குப் படமெடுக்க முற்பட்டபோது, விளிம்பிலுள்ள பிரகாசமான மூலங்கள் காற்றின் தாளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கின. படத்தில் வளையங்களாகவும் கோடுகளாகவும் படிந்தன.

விண்கலத் தொடர்பு ஆண்டெனாக்களின் வரலாறு இந்தக் கதையோடு ஒட்டாமல் பக்கத்தில் ஓடுகிறது. அங்கு அலை செ.மீ. அளவில், கற்றை வில்நிமிட அளவில். பெங்களூருக்கு அருகே பயலாலுவில் சந்திரயான்-1க்காக 2008இல் எழுந்த 32 மீட்டர் ஆண்டெனாவை எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா முன்னின்று கட்டியது. அதன் எக்ஸ் அலைவரிசைக் கற்றை ஐந்து வில்நிமிடத்துக்கும் குறைவு. கோடத்தில் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு வில்நிமிடம் இங்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் திறனைத் தின்றுவிடும். நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்பில் 34 மீட்டர் ஆண்டெனா 32 கிகாஹெர்ட்ஸில் நோக்கும்போது கற்றையே ஏறத்தாழ ஒரு வில்நிமிடம்தான். அதே பிழை நேர்ந்தால் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். இங்கு தகட்டை விட முடியாது. காற்று தகட்டில் மோதியே தீரும். ஆகவே ஈடுசெய்வதே வழி.

ஈடுசெய்யும் கலையின் ஒரு பெரும் முயற்சி கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 1966இல் இயங்கிய 64 மீட்டர் ஆண்டெனாவில் காணக்கிடைக்கிறது. அதன் நடுவே, சுமைதாங்கும் கட்டமைப்போடு தொடர்பின்றித் தனித்து நிற்கும் ஒரு கோபுரத்தின் உச்சியில், காற்றுப்படாத அறைக்குள் மாஸ்டர் ஈக்வடோரியல் என்ற சிறு திசைகாட்டும் கருவி வைக்கப்பட்டது. துல்லியமாக வானைத் தொடர்வது அந்தச் சிறு கருவி. ஒளிக்கற்றை வழியே அதைப் பார்த்துப் பார்த்துப் பெரிய கிண்ணம் தன்னைத் திருத்திக்கொள்ளும். அடிப்பீடம் காற்றில் சாய்ந்தாலும் ஆதாரக்கோடு சாயாது. அச்சுக் கருவிக்குத் தெரியாததைக் காண இன்னொரு கண்ணை வைத்தது என்று சொல்லலாம்.

அடுத்த தேவை காற்றின் இயல்பை எண்ணாக எழுதுவது. திடீர்க்காற்றின் ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்பதற்கான நிறமாலைச் சூத்திரத்தை 1961இல் ஆலன் டேவன்போர்ட் தந்தார். பிற்காலத்தில் கனடாவில் காற்றுப்பொறியியலின் தந்தையரில் ஒருவராக மதிக்கப்பட்ட இவர் பிறந்தது 1932இல் மதராஸில், வளர்ந்தது தென்னாப்பிரிக்காவில். அந்தச் சூத்திரப்படி, விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் ஆற்றலின் உச்சம் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஓர் அலைவு என்ற மெதுவான பகுதியில் விழுகிறது. மெதுவானதை மோட்டார் பின்தொடர்ந்து திருத்திவிடும். ஆனால் ஆற்றலின் மெல்லிய வால் வேகமான அதிர்வெண்கள் வரை நீள்கிறது; அங்கேதான் சட்டத்தின் இயல்பதிர்வு காத்திருக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி அந்த வேகத்தையும் துரத்தினால் ஆண்டெனாவை அடக்குவதற்குப் பதில் தானே ஆட்டிவிடும். இந்த இக்கட்டைத் தாண்ட 1990களில் நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் வோடெக் கவ்ரொன்ஸ்கி முதலியோர் வேறொரு கட்டுப்பாட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். சட்டம் எப்படி அதிரும் என்ற மாதிரியைக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வைத்து, அளக்கமுடியாத அதிர்வைக் கணித்துக்கொண்டே அதற்கேற்ப மோட்டாரை ஓட்டுவது அதன் சாரம். டேவன்போர்ட் நிறமாலை அங்கு காற்றின் மாதிரியாக நின்றது.

விண்கலத்தை நோக்குபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. கலம் தானே சைகை அனுப்புகிறது. ஆண்டெனாவைச் சிறு வட்டமாகச் சுழற்றியோ பல வாங்கிகளின் சைகைகளை ஒப்பிட்டோ, எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம் என்பதை அந்தச் சைகையிலிருந்தே அறியலாம். வெகுதொலைவிலுள்ள மங்கிய அண்டத்தை மணிக்கணக்கில் கூட்டிச்சேர்த்துப் பார்க்கும் வானியலாளருக்கு அந்த உடனடி வழிகாட்டல் கிடையாது. அவர் பார்க்கும் பொருள் அவரைத் திருத்தாது.

உடனடியாக இல்லாவிட்டால் பிறகு திருத்தலாமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் எழுந்தது. புணேயில் கோடத் தொலைநோக்கியோடு வளர்ந்து, பின்னர் அமெரிக்க தேசிய ரேடியோ வானியல் ஆய்வகத்துக்குச் சென்ற சஞ்சய் பட்நாகர், டிம் கார்ன்வெல்லோடு சேர்ந்து அதற்கொரு கணிப்புமுறை வகுத்தார். முதலில் 2004இல் உள்ளறிக்கையாகவும் 2017இல் முழுக்கட்டுரையாகவும் அது வெளிவந்தது. அதன்படி ஆண்டெனாவின் திசையை எவரும் அளக்க வேண்டியதில்லை. கற்றையின் விளிம்பிலுள்ள தெரிந்த மூலங்கள் நேரத்துக்கு நேரம் எவ்வளவு ஏறி இறங்கின என்பதிலிருந்து, எந்த ஆண்டெனா எந்தக் கணத்தில் எவ்வளவு விலகி நின்றது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, படத்தை உருவாக்கும்போதே அந்த விலகலைக் கழிக்கலாம். நோக்கு முடிந்து காற்றும் போனபின், வட்டில் சேமித்த தரவிலிருந்து ஈடுசெய்யும் முறை இது. வலைக்கும் மோட்டாருக்கும் இதில் வேலை இல்லை.